திருப்பிச் சொல்லாத வரி

வீடு,
மே 4

அன்புள்ள அப்பாவுக்கு,

பட்டாணி எழுதுகிறேன். நானும் அம்மாவும் நலம். நீங்கள் அங்கே மூன்று வேளையும் ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா என்று அம்மா கேட்கச் சொன்னாள்.

முதலில் போன கடிதத்தில் நீங்கள் சொன்னதையெல்லாம் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் 'கேட்டுச்சா, இல்லையா?' என்று அடுத்த படகு வரைக்கும் குடைந்துகொண்டிருப்பீர்கள். உங்களை மாற்றிவிட வரவேண்டிய கிரேன்காரருக்கு ஆபரேஷன், அதனால் இந்த முறை ஜூன் கடைசிவரை நீங்கள் கடலைவிட்டுக் கரைக்கு வர முடியாது: கேட்டாச்சு. எண்ணெய் மேடையில் போன் அவசரத்துக்கு மட்டும்தான், மற்றதெல்லாம் வாரப் படகில் கடிதமாகத்தான்: கேட்டாச்சு. மாடிக் குழாய் ஒழுகினால் துணியைச் சுற்றிவைத்துவிட்டு உட்காராமல் ஆளைக் கூப்பிட வேண்டும்: கேட்டாச்சு, கூப்பிட்டாச்சு, அவர் இன்னும் வந்தபாடில்லை.

இனி என் செய்தி. மார்க் வந்துவிட்டது. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்று! அம்மா அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்து என் கன்னத்தைக் கிள்ளினாள். தீய்ந்த வாசனை வந்த பிறகுதான் இரண்டு பேருக்கும் அடுப்பு ஞாபகம் வந்தது.

அந்தச் சந்தோஷம் ஒரு நாள்தான் அப்பா. மறுநாளே கல்லூரி விருப்பப் பட்டியல் வந்துவிட்டது. பன்னிரண்டு கட்டம். எது முதலில், எது அடுத்தது என்று நாமே வரிசைப்படுத்தி, மே முப்பதுக்குள் கணினியில் ஏற்றிப் பூட்ட வேண்டும். என் மார்க்குக்கு முதல் கட்டத்தில் எழுதுவதே அநேகமாகக் கிடைத்துவிடும் என்கிறார்கள். கிடைக்காது என்றால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

ஆளுக்கொன்று சொல்கிறார்கள். இயற்பியல் மிஸ், "நீ மட்டும் அந்தப் பெரிய காலேஜ்ல சேர்ந்துட்டா ஸ்கூல் வாசல்ல உன் போட்டோவைப் பெருசா மாட்டுவோம்" என்கிறார். என் போட்டோ எனக்கே பிடிக்காது. ஒட்டுவை உங்களுக்குத் தெரியுமே, ஆறாம் வகுப்பிலிருந்து என்னோடு ஒட்டிக்கொண்டே இருக்கிறவள், அவள் வீட்டுக்குப் பக்கத்துக் கல்லூரியை முதலில் எழுதிவிட்டு, "ரெண்டு பேரும் ஒரே பஸ்ல போகலாம்டி, நீ வரலேன்னா நான் யாரோட போறது?" என்று மூக்கைச் சிந்துகிறாள். கீழ்வீட்டு வக்கீல் குமாஸ்தா மாமா மாடிப்படியில் மடக்கி, எங்கே வேலை கிடைக்கும் என்று மட்டும் பார் என்கிறார். அவர் தன் வேலையைப் பற்றி ஒரு நாளாவது நல்லதாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

கல்லூரிகள் அனுப்பிய வண்ணப் புத்தகங்கள் மேசை நிறைய இருக்கின்றன. மரத்தடியில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே படிக்கிற ஒரு பையன் இரண்டு கல்லூரிப் புத்தகத்திலும் இருக்கிறான்! அதே சட்டை, அதே மரம். பாவம், அவனுக்கும் எதில் சேர்வது என்று தெரியவில்லை போலிருக்கிறது.

நில அளவையும் வரைபடமும் சொல்லித்தருகிற ஒரு சின்னக் கல்லூரிகூட இருக்கிறது. யாரும் கேள்விப்பட்டதில்லை. சும்மா பார்த்தேன்.

சிரிக்கிறேனே தவிர இன்னும் ஒரு கட்டம்கூட நிரப்பவில்லை. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

உங்கள் வரிக்காகக் காத்திருக்கும்,
பட்டாணி

நடுக்கடல், எண்ணெய் மேடை,
மே 11

என் செல்ல மகளுக்கு அப்பா எழுதுவது.

உன் கடிதம் இருந்த சாக்கைப் படகிலிருந்து நானே கிரேனில் தூக்கினேன். உள்ளே தொண்ணூற்றொன்று இருக்கிறது என்று தெரியாமல் மற்றச் சரக்கு மாதிரியே தூக்கிவிட்டேன். தெரிந்திருந்தால் இன்னும் மெதுவாகத் தூக்கியிருப்பேன்.

திருப்பிச் சொல்கிறேன். தொண்ணூற்றொன்று: கேட்டாச்சு, சமையற்கட்டுவரை கேட்டாச்சு. பன்னிரண்டு கட்டம், மே முப்பது: கேட்டாச்சு. மிஸ்ஸின் போட்டோ, ஒட்டுவின் பஸ், குமாஸ்தாவின் வேலை, மரத்தடிப் பையன்: கேட்டாச்சு. குழாய்க்காரன் வராதது: கேட்டாச்சு, அவனை விடாதே.

என் இந்தப் பழக்கத்தை நீயும் உன் அம்மாவும் கேலி செய்வீர்கள். ஆனால் இதுதான் என்னை இருபத்திரண்டு வருஷமாகக் காப்பாற்றுகிறது. நான் மேலே கூண்டில் இருக்கிறேன். கீழே தளத்தில் நிற்கிறவன் ரேடியோவில் 'ரெண்டடி இறக்கு' என்பான். நான் 'ரெண்டடி இறக்குகிறேன்' என்று திருப்பிச் சொன்ன பிறகுதான் கையை அசைப்பேன். திருப்பிச் சொல்லவில்லை என்றால் அந்த வார்த்தை என்னிடம் வந்து சேரவில்லை என்று அர்த்தம். பெட்டி அங்கேயே நிற்கும், யாரும் அதன்கீழ் போகமாட்டார்கள். கடைக்குப் போனாலும் 'பால் வாங்கிட்டு வரேன்' என்று சொல்லிவிட்டுப் போகவைத்தேனே உங்கள் இருவரையும், அது இதனால்தான்.

கல்லூரி விஷயத்துக்கு வருகிறேன். நான் வாயே திறக்கப் போவதில்லை. பெரியவன், உன் அண்ணன் விஷயத்தில் திறந்தது போதும். அவன் பட்டியலை நான்தான் நிரப்பினேன், நான்தான் கொண்டுபோய்ச் சேர்த்தேன். இரண்டாம் வருஷம் பாதியில் விட்டுவிட்டு அந்த ஊரிலேயே கண்ணாடிக் கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். 'இனி என் முகத்துல முழிக்காதே' என்று நான் சொல்லி இரண்டரை வருஷம் ஆகிறது. அதனால் உன் பட்டியல் உன்னுடையது. நான் ஒன்றும் சொல்லமாட்டேன்.

ஆனால் ஒன்று. ஹாஸ்டலில் மாடிப்படிக்குக் கைப்பிடி இருக்கிறதா என்று பார். இன்னொன்று, எங்கள் சூப்பர்வைசர் 'காலேஜ் பேருதான் சோறு போடும்' என்கிறார். கம்பவுண்டர், பெண் பிள்ளை என்றால் மருந்தாளுநர் படிப்புதான் என்று அடித்துச் சொல்கிறார். சமையல்காரர், "சாப்பாடு நல்லா இருக்கிற ஹாஸ்டலாப் பாருங்க, மத்ததை அவ பாத்துக்குவா" என்றார். அவர் சொன்னதில்தான் கொஞ்சம் உண்மை இருக்கிறது. பார்த்தாயா, வாயைத் திறக்கமாட்டேன் என்று நாலு பேர் வாயை உனக்கு அனுப்பிவிட்டேன். இதையெல்லாம் விட்டுத்தள்ளு.

அம்மா என்ன சொல்கிறாள்?

நீ எங்கே போனாலும் பயந்துகொண்டே இருக்கப்போகிற,
அப்பா

வீடு,
மே 16

அன்புள்ள அப்பாவுக்கு,

மாடிப்படிக் கைப்பிடி, நாலு பேர் வாய், சமையல்காரரின் ஞானம்: எல்லாம் கேட்டாச்சு. நீங்கள் வாயைத் திறக்கமாட்டீர்கள் என்பதும் கேட்டாச்சு.

அம்மா என்ன சொல்கிறாள் என்று கேட்டீர்கள். ஒன்றும் சொல்லமாட்டேன் என்கிறாள். ஆனால் எந்தக் கல்லூரிப் புத்தகத்தை எடுத்தாலும் முதலில் பின்னட்டையைத் திருப்பி, ஊர் எவ்வளவு தூரம் என்று பார்க்கிறாள். தூரம் என்றால் புத்தகத்தை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு, "நல்ல காலேஜ்தான்" என்கிறாள். கிட்டே என்றால் சத்தமாகச் சொல்கிறாள். அவளுக்கு இந்த வாரம் கடைவாய்ப்பல் எடுத்தார்கள். ஒரு பக்கம் வீங்கிக்கொண்டு இரண்டு நாள் பேசாமல் இருந்தாள், வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது. இப்போது பரவாயில்லை.

குழாய்க்காரர் ஒருவழியாக வந்தார். வாஷரை மாற்றிவிட்டு, தான் படிக்காமல் போனதைப் பற்றி முக்கால் மணி நேரம் எனக்குச் சொன்னார். அவரும் ஒரு கல்லூரி பேர் சொல்லிவிட்டுத்தான் போனார்.

ஒட்டு தினமும் வந்து அழுகிறாள். நேற்று நானும் சேர்ந்து அழுதுவிட்டேன். எதற்கு என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

முதல் கட்டத்தில் அண்ணன் இருக்கிற ஊர்க் கல்லூரியை எழுதியிருக்கிறேன். நல்ல ஆய்வுக்கூடம் இருக்கிறது, ஹாஸ்டல் உள்ளேயே இருக்கிறது. அண்ணனும் அங்கேதான் இருக்கிறான். இன்னும் பூட்டவில்லை. உங்கள் கடிதம் வந்த பிறகு பூட்டுவேன்.

அம்மா உங்கள் பச்சைச் சட்டையின் கிழிசலைத் தைத்துவிட்டாள். நீங்கள் வந்ததும் போட்டுக்கொள்ளலாம்.

பன்னிரண்டு கட்டத்தோடு மல்லுக்கு நிற்கும்,
பட்டாணி

நடுக்கடல், எண்ணெய் மேடை,
மே 21

என் செல்ல மகளுக்கு அப்பா எழுதுவது.

அம்மாவின் பல்: கேட்டாச்சு. ஒரு வாரத்துக்கு அந்தப் பக்கம் மெல்ல வேண்டாம் என்று சொல். குழாய்க்காரர் வந்தது, வாஷர் மாற்றியது: கேட்டாச்சு. ஒட்டு அழுதது, நீயும் அழுதது: கேட்டாச்சு. இரண்டு பேரும் மூஞ்சியைக் கழுவிக்கொள்ளுங்கள். பச்சைச் சட்டை: கேட்டாச்சு, நல்லது.

இங்கே நேற்று ஒரு சம்பவம். பயப்படாதே, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. குடிதண்ணீர்ப் பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தேன். கீழே ஒரு புது ஆள். அவன் ஒரு பக்கம் கையைக் காட்ட, இன்னொருவன் வேறு பக்கம் கையைக் காட்ட, பெட்டி ஒரு ஆட்டம் ஆடிவிட்டது. நிறுத்திவிட்டேன். எல்லோரும் தள்ளி நின்றார்கள். அது ஆடி அடங்கும்வரை எனக்கு மூச்சே வரவில்லை. இறங்கி வந்து தளத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். சமையல்காரர் டீயில் இரண்டு கரண்டி கூடச் சர்க்கரை போட்டுக் கொடுத்தார்.

காற்று கொஞ்சம் கூடுதலாக இருக்கிறது. அடுத்த படகு ஒரு நாள் தாமதமாகலாம் என்கிறார்கள். மற்றபடி எழுத ஒன்றும் இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்,
அப்பா

வீடு,
மே 31

அப்பாவுக்கு,

குடிதண்ணீர்ப் பெட்டி ஆடியது: கேட்டாச்சு. இனிமேல் அப்படி ஆனால் உடனே இறங்கிவிடுங்கள். அம்மாவிடம் அதை நான் சொல்லவில்லை.

நேற்று பட்டியலைப் பூட்டிவிட்டேன். முதல் கட்டத்தில் வீட்டுக்குப் பக்கத்துக் கல்லூரி. ஒட்டு சந்தோஷத்தில் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்கினாள். அண்ணன் ஊர்க் கல்லூரியைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டேன்.

உங்கள் கடிதத்தை நாலு தடவை படித்தேன். அம்மாவின் பல்லைத் திருப்பிச் சொன்னீர்கள். வாஷரைத் திருப்பிச் சொன்னீர்கள். கிழிந்த சட்டையைக்கூடத் திருப்பிச் சொன்னீர்கள். நடுவில் இருந்த ஒரு வரியை மட்டும் சொல்லவில்லை. படகில் நனைந்து அந்த வரி அழிந்திருக்குமோ என்றுகூட நினைத்துப் பார்த்தேன். அழிந்திருந்தால் 'இங்கே என்ன எழுதினாய்?' என்று கேட்டிருப்பீர்கள். நம் வீட்டில் திருப்பிச் சொல்லாததைச் செய்யக் கூடாது. சின்ன வயதிலிருந்து நீங்கள் சொல்லிக்கொடுத்ததுதானே? செய்யவில்லை.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அந்த ஆய்வுக்கூடமும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். சேரும் நாளில் அப்பாவோ அம்மாவோ நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டுமாம். அம்மாவுக்குப் பஸ் ஒத்துக்கொள்ளாது. அதனால் நீங்கள்தான் வந்தாக வேண்டும். அந்த ஊரில் நீங்கள் இறங்கியாக வேண்டும். பஸ் நிலையத்திலிருந்து அண்ணனுடைய கண்ணாடிக் கடைக்கு ஏழு நிமிட நடை. வரைபடத்தில் அளந்து வைத்திருந்தேன். கல்லூரிக்குப் போகிற வழியும் அதுதான், வேறு வழியே கிடையாது. என்னோடு நடந்தால் நீங்கள் அந்தக் கடையைத் தாண்டித்தான் போயிருக்க வேண்டும்.

அதற்காகத்தான் அப்பா முதல் கட்டத்தில் எழுதினேன். அவனைப் பற்றி ஒரு வரி எழுதக்கூட உங்களுக்குக் கை வரவில்லை என்றால், ஏழு நிமிடம் நடக்கக் கால் எங்கே வரப்போகிறது? எனக்குப் புரிந்துவிட்டது.

பட்டாணி

நடுக்கடல், எண்ணெய் மேடை,
ஜூன் 6

என் கண்ணே,

எல்லாம் கேட்டாச்சு. ஒரு வரி விடாமல் கேட்டாச்சு. ஐயோ, என்ன காரியம் செய்துவிட்டேன் நான்!

அந்த வரி நனையவில்லை. நன்றாகத்தான் தெரிந்தது. பதில் எழுத உட்கார்ந்தேன். 'அண்ணன் ஊர்க் கல்லூரி: கேட்டாச்சு, சரி' என்று எழுதினேன். 'சரி' என்று நான் சொன்னால் அதுவே ஒரு தள்ளுதானே, பிடிக்காவிட்டாலும் அப்பா சரி என்றாரே என்று போய்ச் சேர்ந்துவிடுவாளே என்று கிழித்தேன். 'வேண்டாம்' என்று எழுதினேன். அவன் மேல் இருக்கிற கோபத்தை உன் தலையில் கட்டுகிறேனே என்று அதையும் கிழித்தேன். 'உன் இஷ்டம்' என்று எழுதினால் மொட்டையாக இருந்தது. கடைசியில் அந்த வரியையே விட்டுவிட்டேன். விட்டுவிட்டால் உன்னைத் தொடாமல் இருந்த மாதிரி ஆகும் என்று நினைத்தேன். நான் வகுத்த சட்டத்தில் நானே விழுந்தேன். இருபத்திரண்டு வருஷம் கிரேன் ஓட்டுகிறவன் செய்கிற வேலையா இது?

குடிதண்ணீர்ப் பெட்டி ஆடியதும் அந்தப் புது ஆளால் இல்லை. அவன் ஒழுங்காகத்தான் சைகை காட்டினான். உன் கடிதம் என் சட்டைப்பையில் இருந்தது, என் கவனம்தான் அங்கே இல்லை. அவன் மேல் பழியைப் போட்டு உனக்கு எழுதியது தப்பு. சூப்பர்வைசரிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதுவரை உன் அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை. பெரியவனின் பட்டியல் காகிதத்தில் வந்தது. முதல் கட்டத்தில் அவன் பென்சிலால் ஏதோ எழுதிவைத்திருந்தான். நான் ரப்பரை எடுத்து அழித்துவிட்டு, பேனாவால் என் இஷ்டத்துக்கு எழுதினேன். அவன் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தான். நான் ஊதிவிட்ட ரப்பர்த் தூள் அவன் கைமேல் விழுந்தது, அதைத் தட்டிவிட்டுக்கொண்டு போனான். படிப்பை விட்டதும் அவன் நன்றி கெட்டவன் என்று கத்தினேன். பயந்தேன் என்பதுதான் உண்மை. இவ்வளவையும் நீங்கள்தானே செய்தீர்கள் என்று அவன் ஒரு நாள் கேட்டுவிடுவானோ என்று பயம். முகத்தில் முழிக்காதே என்று சொல்லிவிட்டால் கேட்கவே வழியில்லை பார்.

பட்டியலைத் திறந்து மாற்ற ஏதாவது வழி இருக்கிறதா என்று விசாரி. பள்ளிக்கூடத்தில் கேள். என்னாலும் இங்கிருந்து ஒரு வழி செய்ய முடியுமா என்று பார்க்கிறேன்.

இத்தனை கடிதத்திலும் மிஸ், ஒட்டு, குமாஸ்தா, குழாய்க்காரர், அம்மா, அண்ணன் என்று எல்லோருக்கும் என்ன வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். உனக்கு என்ன படிக்க ஆசை என்று ஓரிடத்திலும் இல்லை. நானும் கேட்கவே இல்லை. இப்போது கேட்கிறேன்.

தப்புச் செய்த,
அப்பா

வீடு,
ஜூன் 13

அன்புள்ள அப்பாவுக்கு,

ரப்பர்த் தூள்: கேட்டாச்சு. அந்த இடத்தில் படிப்பதை நிறுத்திவிட்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டேன். அம்மாவிடம் கடிதத்தைக் கொடுத்தேன். தப்பா? அப்பாவே சொல்லட்டும் என்று வைத்திருக்கலாம்தான், என்னால் முடியவில்லை. அவள் படித்துவிட்டு, "இது எனக்குத் தெரியும்" என்றாள். அண்ணன் அன்றைக்கே அவளிடம் சொல்லியிருக்கிறான். உங்களிடம் சொல்லாதே என்று சத்தியம் வாங்கிக்கொண்டானாம்.

வீட்டுக்குப் பக்கத்துக் கல்லூரிதான் கிடைத்திருக்கிறது. மாற்ற வழியும் இருக்கிறது. ஜூன் 27, 28, 29 மூன்று நாள் பட்டியலைத் திறந்துவிடுவார்களாம். வரிசையை மாற்றலாம், எடுத்ததைத் திரும்பச் சேர்க்கலாம். அதோடு முடிந்தது.

வழி இருக்கிறது என்று தெரிந்ததிலிருந்து எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது அப்பா. சோறு இறங்கவில்லை. பூட்டினது பூட்டினதுதான் என்று இருந்தபோது அழுதுவிட்டுத் தூங்கினேன். இப்போது எதையாவது எழுதியாக வேண்டுமே.

என்ன ஆசை என்று கேட்டீர்கள். சொல்கிறேன், சிரிக்கக் கூடாது. நில அளவை. முதல் கடிதத்தில் சும்மா பார்த்தேன் என்று எழுதினேனே, அது சும்மா இல்லை. அந்தப் புத்தகத்தில் மரத்தடிப் பையன் கிடையாது. மூன்று பெண்கள் தொப்பி போட்டுக்கொண்டு சேற்றில் முழங்கால்வரை நின்று அளவுக் கருவியைப் பிடித்திருக்கிறார்கள், ஒருத்திகூடச் சிரிக்கவில்லை. அந்தப் படத்தை எத்தனை தடவை பார்த்தேனோ தெரியாது. எனக்கு ஓர் இடத்தைக் காகிதத்தில் கொண்டுவருவது பிடிக்கும். நம் தெருவை நான் காலடியால் அளந்து வரைந்தது உங்களுக்குத் தெரியாது. ஒட்டு வீட்டுச் சுவர் அரை அடி தெருவுக்குள் வந்திருக்கிறது. அவளிடம் சொல்லவில்லை, அவள் அப்பா சண்டைக்கு வருவார்.

அந்த ஊர் இங்கிருந்து ஒன்பது மணி நேரம். அண்ணன் ஊருக்கு நேர் எதிர்த் திசை. அங்கே போனால் ஒட்டு தனியாகப் பஸ்ஸில் போவாள், பழகிக்கொள்வாள். அம்மா? நீங்கள் கடலில், அண்ணன் அங்கே, நானும் போய்விட்டால் அவள் யாரோடு பேசுவாள்? பல் எடுத்த அந்த இரண்டு நாளை நினைத்தாலே எனக்குப் பகீரென்கிறது. நீங்களும் அண்ணனும் இப்படியே இருந்துவிட்டால்? நான் அண்ணன் ஊருக்குப் போனால்தானே நீங்கள் அங்கே வருவீர்கள்? என் படிப்பை எனக்காக எழுதினால் வீட்டை அப்படியே விட்டுவிட்டுப் போகிற மாதிரி இருக்கிறது. வீட்டுக்காக எழுதினால் அண்ணன் மாதிரி நானும் பாதியில் ஓடிவிடுவேனோ என்று இருக்கிறது.

ஏதாவது சொல்லுங்கள் அப்பா. வாயைத் திறக்கமாட்டேன் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

பட்டாணி

உன் அண்ணன் அறை,
ஜூன் 22

என் செல்லப் பட்டாணிக்கு அப்பா எழுதுவது.

மேலே இடத்தைப் படித்தாயா? இன்னொரு தடவை படி. சரியாகத்தான் எழுதியிருக்கிறேன்.

வந்து சேர்ந்ததைக் காலையில் போனில் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். உன்னைக் கூப்பிடவேண்டாம் என்று சொன்னவன் நான்தான். போனில் பேசினால் 'சரிப்பா, சரிப்பா' என்று வைத்துவிடுவாய். இது காகிதத்தில் இருக்கட்டும். விரைவுத் தபாலில் அனுப்புகிறேன், இருபத்தைந்துக்குள் கையில் கிடைக்கும்.

உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு நேராக சூப்பர்வைசரிடம் போனேன். "இத்தனை வருஷத்துல ஒரு நாளாவது லீவு கேட்டிருக்கியா? போய்த் தொலைய்யா" என்றார். ஆபரேஷன் ஆனவர் தேறி, அதே படகில் வந்து இறங்கினார். என்னைக் கூடையில் நிற்கவைத்து அவர்தான் கிரேனில் படகுக்கு இறக்கினார். வாழ்நாளெல்லாம் பிறத்தியாரைத் தூக்கி இறக்கினவன், கண்ணை இறுக்க மூடிக்கொண்டு கம்பியைப் பிடித்திருந்தேன். வெட்கக்கேடு.

பஸ் நிலையத்திலிருந்து ஏழு நிமிடம் என்றாயே. எனக்கு அரை மணி நேரம் ஆயிற்று. நடுவில் ஒரு டீக்கடையில் இரண்டு டீ குடித்தேன், இரண்டாவது டீ தேவையே இல்லை.

போய் நின்றபோது அவனும் இன்னொருவனும் ஓர் ஆள் உயரக் கண்ணாடியை இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். என்னைப் பார்த்துவிட்டான். கண்ணாடி கையில் இருக்கிறது, விட முடியாது. நானும் நகரவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் நான். இரண்டரை வருஷத்துக்குப் பிறகு அவன் என்னிடம் பேசிய முதல் வார்த்தை, "தள்ளி நில்லுங்கப்பா, கீறிடும்." தள்ளி நின்றேன். அவன் அதை உள்ளே சாய்த்துவைத்துவிட்டு, கையுறையைக் கழற்றிவிட்டு வந்தான். விரலெல்லாம் பழைய தழும்பு. ஒல்லியாகிவிட்டான். மீசை வைத்திருக்கிறான், நன்றாகவே இல்லை. அதைச் சொல்லவில்லை.

அறையில் ஒரு கட்டில்தான். என்னை அதில் படுக்கச் சொல்லிவிட்டு அவன் பாயை விரித்தான். பழைய பேச்சு எதையும் எடுக்கவில்லை. சாப்பிடும்போதுதான் கேட்டான்.

"பாப்பா என்ன எழுதப்போறா?"

"தெரியாதுடா."

"நீங்க எதுவும் சொல்லலையா?"

"சொல்லலை."

என் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தான். அப்புறம், "எனக்கும் அப்படி விட்டிருக்கலாமேப்பா" என்றான். கோபமாகக்கூட இல்லை, சாதாரணமாகத்தான் சொன்னான். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்துவிட்டது பட்டாணி. சாப்பாட்டுக் கையோடு உட்கார்ந்து அழுதேன். அவன் எழுந்து தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். நான் அழித்தது என்ன என்று எனக்கே ஞாபகம் இல்லை என்பதை அப்போதுதான் சொன்னேன். கட்டடம் வரைகிற படிப்பாம். உன்னிடம் அவன் சொன்னதில்லை என்றான். நீயும் வரைபடத்தில் விழுந்து கிடக்கிறாய் என்று நான் சொன்னபோது நிமிர்ந்து பார்த்தான்.

மன்னிப்புக் கேட்டேன். 'பரவால்லப்பா' என்று சொல்லிவிடுவான் என்று நினைத்தேன், சொல்லவில்லை. "இருங்க, கொஞ்ச நாள் இருந்துட்டுப் போங்க" என்றான். அது போதும் எனக்கு.

அதனால் இந்த ஊர் இனி உன் பட்டியலில் இருக்க வேண்டிய காரணம் இல்லை. அந்த வேலையை நான் செய்துவிட்டேன், உன் படிப்பை விலையாகக் கொடுக்காமலே. அம்மாவிடமும் கேட்டேன். அவள் சொன்னதை அப்படியே தருகிறேன். "நான் என்ன பச்சைக் குழந்தையா, தொணைக்கு ஆள் வெக்க? அவ என்னைச் சாக்கு வெச்சுக்கிட்டு இங்கேயே கெடந்தா நான் அவளோட பேசவே மாட்டேன்." சொல்லிவிட்டு அவள் மூக்கை உறிஞ்சியதும் கேட்டது. ஏக்கம் இருக்கும். அதை மறைத்து உனக்கு எழுத நான் தயாரில்லை. ஆனால் அது எங்கள் ஏக்கம், எங்களுக்குத் தாங்கத் தெரியும்.

வாயைத் திறக்கச் சொன்னாயே, திறக்கிறேன். உனக்குப் பிடித்ததை முதல் கட்டத்தில் எழுது. ஒன்பது மணி நேரம் என்றால் எனக்குப் பயம்தான். சேறு என்றால் இன்னும் பயம். பயம் என்னோடு இருக்கட்டும், அதை உன் கட்டத்தில் எழுதாதே. போய்ப் பார்த்துப் பிடிக்காவிட்டால் வீட்டுக்கு வா. கதவைத் திறந்துவிட்டு, சாப்பிட்டாயா என்றுதான் கேட்பேன்.

நான் முப்பதாம் தேதிதான் வீட்டுக்கு வருவேன். அதற்கு முன்னால் வர முடியும், வரமாட்டேன். நான் பக்கத்தில் இருந்தால் என் மூஞ்சியைப் பார்த்துப் பார்த்துத்தான் எழுதுவாய், உன்னை எனக்குத் தெரியாதா? பூட்டிவிட்டு, தெருவில் இறங்கி ஒட்டுவோடு நன்றாக ஊர் சுற்று. எந்த ஊர் என்று எனக்கு அப்புறம் சொன்னால் போதும். எதுவாக இருந்தாலும் சேரும் நாளில் உன் பெட்டியைத் தூக்க நாங்கள் இரண்டு பேரும் வருவோம்.

என்றும் உன்,
அப்பா

பாப்பா, அப்பா எண்ணினது தப்பு. மூணு பேர். அம்மாவை விட்டுட்டார், பஸ் ஒத்துக்காட்டியும் வருவேன்னாங்க.
அண்ணன்